இறக்கைக்கு என்ன நிறம்?

இராஜபாளையம்,
8-6-1986

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ அனுப்பிய பொம்மை விமானப் பெட்டியைத் திறந்ததும் முதலில் என் கண்ணில் பட்டது விமானம் இல்லை, அதை ஓட்டுகிற ஆள். என் சுண்டுவிரல் நுனி உயரம்தான் இருக்கிறான். கை, கால், தொப்பி எல்லாம் இருக்கின்றன. முகம் மட்டும் வழுவழுவென்று இருக்கிறது. செய்தவர்கள் மறந்துவிட்டார்களா, அல்லது தொப்பிக்குள் அவருக்கு முகம் தெரியாதா?

அம்மாவும் நானும் சுகம். அங்கே வெயில் தணிந்ததா, சப்பாத்தி இப்போதாவது வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

உங்கள் பிரிவுத் தலைவர் கண்ணுச்சாமி சார் டிசம்பர் கடைசியில் ஓய்வு பெறுகிறார், அவருக்குப் பரிசாக இந்த மிக் விமானத்தை என் தங்கச்சி செய்து தருவாள் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன் என எழுதியிருக்கிறாய். என்னைக் கேட்காமல் எப்படிச் சொன்னாய்? நான் பேண்டேஜ் துணி வெட்டுகிறவள். கத்தரி கோணாமல் வெட்டுவேன், அவ்வளவுதான்.

ஆனாலும் ஆசையாக இருக்கிறது. துண்டுகள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் பிஞ்சுக் காய் போலத் தொங்குகின்றன. நாற்பத்தாறு எண்ணினேன். செய்முறைத் தாள் முழுவதும் ரஷ்ய எழுத்து. எட்டாவதோடு நின்றதால்தான் எனக்குப் புரியவில்லையோ என்று அம்மா அதைப் பக்கத்து வீட்டு டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவருக்கும் ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

படத்தைப் பார்த்து ஒட்டிவிடுவேன். வர்ணத்தைத்தான் நீ சொல்ல வேண்டும். பெட்டியின் மேல் கறுப்பு வெள்ளைப் படம்தான் போட்டிருக்கிறது. இறக்கைக்கு என்ன நிறம்? வயிற்றுக்கு என்ன நிறம்? அந்த ஆள் எப்படி மேலே ஏறுவார்? நீ அதில் என்ன வேலை செய்கிறாய்? நீ விமானப்படையில் சேர்ந்து ஆறு வருஷமாகிறது, நான் கேட்டதே இல்லை.

உன் தங்கை
செல்லக்கனி


முகாம்,
24-6-1986

அன்புத் தங்கச்சி செல்லக்கனிக்கு,

கடிதம் கிடைத்தது. சப்பாத்தி ஒத்துக்கொள்கிறது என்று அம்மாவிடம் சொல். பொய்தான், ஆனாலும் சொல்.

பைலட்டுக்கு முகம் உண்டு. மூச்சுக் குழாயும் கண்ணாடியும் மாட்டியபின் எங்களுக்கே யார் என்று தெரியாது. பக்கத்தில் இரும்பு ஏணி சாத்துவோம், அதில் ஏறி உட்காருவார். ஏணியை எடுப்பது நாங்கள்தான்.

என் வேலையைக் கேட்டாய். விமானத்துக்குள் நரம்பு மாதிரி குழாய்கள் ஓடும். அவற்றில் எண்ணெய் அழுத்தத்தோடு போகும். சக்கரம் இறங்குவதும் இறக்கை மடல் அசைவதும் அந்த எண்ணெயால்தான். சிவப்பு எண்ணெய். பறப்பதற்கு முன் எங்காவது கசிகிறதா என்று பார்த்து, இல்லை என்று புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அதன் பிறகுதான் பைலட் ஏறுவார். இதற்கு மேல் எழுதக் கூடாது.

வர்ணம் கடைசியில்தானே. முதலில் ஒட்டி முடி.

உன் அண்ணன்
காசிராஜன்


இராஜபாளையம்,
13-7-1986

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே சாரல் காற்று. அய்யனார் கோவில் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்றார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது.

விமானம் இப்போது விமானமாகிவிட்டது. ஒட்டிய இடத்தில் மேடு தெரிந்தால் உப்புத்தாளால் தேய்க்கிறேன். வேலை முடிந்து வந்து அரைமணி நேரம்தான், ஆனால் அந்த அரைமணியை நினைத்துக்கொண்டுதான் பகல் முழுவதும் துணி வெட்டுகிறேன்.

ஒரு தப்பு செய்தேன். உடம்பை மூடி ஒட்டிச் சக்கரத்தில் நிறுத்தினால், மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் உட்கார்ந்துவிட்டது. அம்மா பார்த்துவிட்டு, "என்னட்டி, உங்க அண்ணன் ஏரோப்ளேன் கன்னுக்குட்டி கணக்கா உக்காருது" என்றாள். தாளை மறுபடி பார்த்தேன். மூக்குக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எடைக்கல் படம் இருக்கிறது. படிக்கத் தெரியாவிட்டாலும் படத்தையாவது ஒழுங்காகப் பார்த்திருக்க வேண்டும். மூக்கைப் பிரித்து, எங்கள் மடிப்பு மெஷினில் கழற்றிப் போட்ட இரும்புக் குண்டு இரண்டை உள்ளே வைத்து மூடினேன். இப்போது நிற்கிறது.

இனி வர்ணம். நீ எழுதவில்லை. எழுது.

உன் தங்கை
செல்லக்கனி


முகாம்,
5-8-1986

செல்லக்கனிக்கு,

வேலை அதிகம். அதனால்தான் தாமதம்.

வயிறு வெளிர் நீலம். மேலே இரண்டு நிறம், பச்சையும் மண் பழுப்பும், திட்டுத் திட்டாக இருக்கும். வானத்திலிருந்து பார்த்தால் காடு மாதிரி தெரிய வேண்டும். பழைய வர்ணத்தைச் சுரண்டும்போது கீழே விழுந்த துணுக்குகளை இத்துடன் வைத்திருக்கிறேன். பொட்டலத்தின் மேல் எது எது என்று எழுதியிருக்கிறேன். அப்படியே பார்த்துக் கலந்துகொள். இனி என்னைக் கேட்காதே.

காசிராஜன்


இராஜபாளையம்,
19-8-1986

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் நலமாக இருக்கிறோம். நீ சிடுசிடுவென்று எழுதியதை அம்மாவுக்குப் படிக்கவில்லை. நானே இரண்டு வரி நல்லதாகச் சேர்த்துப் படித்துவிட்டேன்.

பொட்டலங்களை மாற்றி மடித்துவிட்டாய். 'பச்சை' என்று எழுதியதில் பழுப்பும், 'பழுப்பு' என்று எழுதியதில் பச்சையும் இருந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது. தூக்கக் கலக்கத்தில் மடித்தாயா?

ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். மடவார் வளாகத்தில் தவசிமுத்து என்று ஒருவர் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறார். மிச்ச வர்ணம் அவரிடம் கிடைக்கும் என்று எங்கள் கம்பெனியில் சொன்னார்கள். கடை வாசலில் அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"ஏட்டி, வாயத் தொறந்து கேளு. நாக்கை வீட்டுலயா வச்சிட்டு வந்த?" என்று அம்மா இடித்தாள்.

அவர் பலகையை விட்டுத் திரும்பாமலே, "என்ன எழுதணும்? ஜவுளிக்கடையா, சைக்கிள் கடையா?" என்றார்.

"ஏரோப்ளேனுக்குய்யா" என்றாள் அம்மா.

அவர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். "யாரு ஏரோப்ளேனு வாங்கியிருக்கா?"

நான் துணுக்குகளைக் கையில் வைத்து நீட்டினேன். அவர் வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தார். பச்சையில் கொஞ்சம் கறுப்பும் மஞ்சளும், பழுப்பில் கொஞ்சம் சிவப்பும் சேர்த்து அங்கேயே கலந்து, இரண்டு மூடி போட்ட டப்பாவில் ஊற்றிக் கொடுத்தார். "ரெண்டும் வேற வேற நெறந்தான் பாப்பா. ஆனா கண்ணைப் பாதி மூடிப் பாரு, ஒண்ணு மாதிரியே இருக்கும். ரெண்டுலயும் இருட்டு ஒரே அளவு" என்றார். அன்றிலிருந்து கண்ணைப் பாதி மூடிக்கொண்டு எல்லாவற்றையும் பார்க்கிறேன்.

விமானத்தின் படத்தை மேலிருந்து பார்க்கிற மாதிரி கோடாக வரைந்து அனுப்புகிறேன். எந்தத் திட்டு பச்சை, எது பழுப்பு என்று குறித்து அனுப்பு.

உன் தங்கை
செல்லக்கனி


முகாம்,
22-9-1986

செல்லக்கனிக்கு,

நலம். காற்றில் பொட்டலங்கள் பிரிந்து துணுக்குகள் கலந்துவிட்டன. அதுதான் விஷயம். படம் குறித்து அனுப்பியிருக்கிறேன். சீக்கிரம் முடி. விமானம் எப்போது வரும் என்று கண்ணுச்சாமி சார் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

காசிராஜன்


இராஜபாளையம்,
3-10-1986

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? ஐந்து வாரம் பதில் இல்லாமல் அம்மா தினமும் தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். ஒரே வாசலை எத்தனை தடவை பெருக்குவது?

படம் நன்றாக இருக்கிறது. திட்டுகளின் ஓரம் கத்தரித்த மாதிரி இல்லாமல் மங்கலாக இருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். பேண்டேஜ் துணியை நாலாக மடித்து வர்ணத்தில் தொட்டு ஒற்றினால் ஓரமே தெரியாது.

ஆனால் படத்தில் உள்ள எழுத்து உன்னுடையது இல்லை. 'ப' எழுதும்போது நீ அடிக்கோட்டை நீட்டுவாய். இது யார்?

இதை யோசித்துக்கொண்டே அம்மாவோடு மிளகாய் ஆய்ந்துகொண்டிருந்தேன். அம்மா தானாகவே, "உங்க அண்ணன் சின்னப்பிள்ளையில மிளகாய்ப் பழம் பறிக்க வந்தா காயும் பழமுமா அள்ளிட்டு வருவான். தோட்டக்காரர் கூலியக் குறைப்பாரு. எம்புட்டு அடிச்சிருப்பேன், சோம்பேறிப் பயன்னு" என்றாள். நீ சோம்பேறி இல்லை என்று எனக்குத் தெரியும்.

வர்ணம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு அட்டையில் ஒற்றி அனுப்புகிறேன். பார்த்துவிட்டு எழுது.

உன் தங்கை
செல்லக்கனி


முகாம்,
16-10-1986

அன்புத் தங்கச்சிக்கு,

நான் சுகமாகத்தான் இருக்கிறேன். வாசலைப் பெருக்குவதை நிறுத்தச் சொல்.

படத்தில் குறித்தது என் அறையில் இருக்கும் ஞானதுரை. நாகர்கோவில் பக்கத்துப் பையன். எனக்குக் கையில் சின்னக் காயம் இருந்ததால் அவனிடம் கொடுத்தேன். இப்போது அவன் லீவில் ஊருக்குப் போயிருக்கிறான்.

அட்டை வந்தது. நிறம் சரியாக இருக்கிறது, அசல் விமானத்தின் மேல் கை வைத்த மாதிரி. ஆனால் வெறும் அட்டைக்கு வர்ணம் பூசி, ஒன்றுமே எழுதாமல் அனுப்பியிருக்கிறாயே, கஞ்சப் பிள்ளை. இரண்டு வரியாவது எழுதக் கூடாதா?

அன்புடன்
காசிராஜன்


இராஜபாளையம்,
27-10-1986

அன்புள்ள அண்ணனுக்கு,

எழுதியிருந்தேன். பச்சையின் மேல் பழுப்பால், பெரிய எழுத்தில், 'அண்ணா, இது தெரிகிறதா?' என்று எழுதியிருந்தேன். தபாலில் போடுவதற்கு முன் அம்மாவிடம் காட்டினேன். எழுத்துத் தெரியாத அம்மாவே, "இது என்னட்டி, கொடி கணக்கா கிறுக்கியிருக்க" என்று விரலால் தொட்டுக் காட்டினாள்.

உன்னைப் பிடிக்க வேண்டும் என்று நான் செய்யவில்லை. அப்படிச் சொன்னாலும் பொய். உனக்கு எப்படித் தெரிகிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். இரண்டு நாள் அதே நினைப்புதான். உனக்கு மாமரத்தில் பழம் தெரியுமா? அம்மாவின் பச்சைச் சேலையும் பழுப்புச் சேலையும் உனக்கு ஒரே சேலையா? பிறகுதான் நீ எழுதிய சிவப்பு எண்ணெய் ஞாபகம் வந்தது. பச்சை இறக்கையில் அது கசிந்தால் என்ன ஆகும் என்று நினைத்தேன்.

ஐந்து கேள்வி கேட்கிறேன். உனக்கு எப்போதிருந்து இப்படி? சேரும்போது கண்ணைப் பார்க்க மாட்டார்களா? ஞானதுரையைத் தவிர யாருக்குத் தெரியும்? கசிவை நீ எப்படிப் பார்க்கிறாய்? கசிவு இல்லை என்று நீ கையெழுத்துப் போட்ட பிறகு, வேறு யாராவது அங்கே கசிவைக் கண்டுபிடித்தது உண்டா?

உடம்பைப் பார்த்துக்கொள். நான் கோபமாக இல்லை.

செல்லக்கனி


முகாம்,
21-11-1986

அன்புத் தங்கச்சி செல்லக்கனிக்கு,

இந்தக் கடிதத்தை அம்மாவுக்குப் படிக்காதே. உங்கள் இருவர் நலத்தையும்தான் எப்போதும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்குப் பிறவியிலிருந்தே இப்படித்தான். மற்றவர்களுக்கு வேறு மாதிரி தெரிகிறது என்பதே அந்த மிளகாய்த் தோட்டத்தில்தான் எனக்குத் தெரிந்தது. சேரும்போது கண்ணைப் பார்த்தார்கள். புள்ளி புள்ளியாகப் போட்ட புத்தகம் ஒன்று. புள்ளிகளுக்குள் எண் தெரியும் என்பார்கள். எனக்கு முன்னால் நின்றவன் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனான். நான் மனப்பாடம் செய்து அதையே சொன்னேன். அப்போது அப்பா இறந்து ஒரு மாதம். நீ பள்ளிக்கூடத்தை விட்டிருந்தாய். திரும்பி வீட்டுக்கு வர எனக்குத் தைரியம் இல்லை.

ஞானதுரையைத் தவிர யாருக்கும் தெரியாது. கசிவை நான் விரலால் தடவிப் பார்க்கிறேன். எண்ணெய்க்கு வாடை உண்டு, அதுவும் தெரியும். மற்றவர்கள் ஐந்து நிமிடத்தில் பார்ப்பதை நான் இருபது நிமிடம் பார்க்கிறேன். கவனமான ஆள் என்று எனக்குப் பெயர்.

அடுத்த வருஷம் பதவி உயர்வு வருகிறது. அது வந்தால் மேசை வேலை. அதுவரைக்கும் பொறுத்துக்கொள். இப்போது தெரிந்தால் வேறு பிரிவுக்கு மாற்றுவார்களோ, ஏமாற்றிச் சேர்ந்தவன் என்று வெளியே அனுப்புவார்களோ, தெரியாது. அம்மாவை நினைத்துப் பார். உன் கல்யாணத்தை நினைத்துப் பார்.

விமானத்தை அனுப்பி வை. சார் ஊருக்குப் போகும் நாள் நெருங்குகிறது.

உன் அண்ணன்
காசிராஜன்


இராஜபாளையம்,
30-11-1986

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா நன்றாக இருக்கிறாள். உன் கடிதத்தில் மழையைப் பற்றி எழுதியிருக்கிறாய் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

விமானம் முடிந்துவிட்டது. மேலே பச்சையும் பழுப்பும், கீழே வெளிர் நீலம். நீ அனுப்பிய ஒட்டுப்படத் தாளிலிருந்த மூவர்ண வட்டங்களைத் தண்ணீரில் ஊறவைத்து இறக்கையில் நழுவவிட்டேன், சுருக்கமில்லாமல் உட்கார்ந்தன. எங்கள் கம்பெனியில் கொண்டுபோய்க் காட்டினேன். நானே கொண்டுபோனேன். வெட்டுகிற மேசையைச் சுற்றி எல்லோரும் கூடிவிட்டார்கள். கருத்தம்மாள் அக்கா, "ஏட்டி, இதுல எனக்கு ஒரு சீட்டு போடு, தளவாய்புரத்துல எறக்கிவிட்டுரு" என்றாள். எல்லோரும் சிரித்தபோது நானும் சிரித்தேன். ஒருவர் இதற்குள் உட்கார்ந்து பறக்கிறார் என்பது என் கையில் இருக்கும்போது எனக்கு நன்றாகத் தெரிகிறது.

நான் ஐந்து கேள்வி கேட்டேன். நாலுக்குப் பதில் எழுதியிருக்கிறாய். ஐந்தாவதற்கு இல்லை. மறந்திருப்பாய் என்று கடிதத்தை நாலு தடவை படித்தேன். நீ மறக்கிற ஆள் இல்லை. கவனமான ஆள்.

என்ன நடந்தது என்று இனி நான் கேட்கவில்லை. கண்ணுச்சாமி சாரிடம் நீயே போய்ச் சொல். உன்னை மாற்றினால் மாற்றட்டும். வீட்டுக்கு அனுப்பினால் வா. அம்மா அழுவாள், நான் பார்த்துக்கொள்கிறேன். என் கல்யாணத்துக்காக யாரோ ஒருவர் வீட்டில் அழ வேண்டாம்.

சாருக்கு நான் ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். உறையில் போட்டு முகவரியும் எழுதிவிட்டேன். இந்தக் கடிதம் ஏழாம் தேதிவாக்கில் உனக்குக் கிடைக்கும். பத்தாம் தேதி வரை காத்திருப்பேன். நீ சொல்லிவிட்டால் 'சொன்னேன்' என்று ஒரே ஒரு வார்த்தை தந்தி அடி. அந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுகிறேன்.

உன் தங்கை
செல்லக்கனி


இராஜபாளையம்,
11-12-1986

அன்புள்ள அண்ணனுக்கு,

நானும் அம்மாவும் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

நேற்று மதியம் தந்தி வந்தது. தந்தி என்றதும் அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். இங்கிலீஷில் இருந்ததால் தபால்காரர்தான், "பயப்படாதீக, நல்ல சேதிதான். உங்க மவன் ஏரோப்ளேன அனுப்பச் சொல்லுதான். லெட்டர் தேவையில்லையாம்" என்று படித்துச் சொன்னார்.

"வேற என்ன போட்டிருக்குய்யா?" என்று கேட்டேன்.

"அம்புட்டுத்தான் பாப்பா."

"சொன்னேன்னு போட்டிருக்கா, பாருங்க."

அவர் மறுபடி ஒவ்வொரு வார்த்தையாக விரல் வைத்துப் படித்தார். இல்லை.

இன்று வேலைக்குப் போகவில்லை. விமானத்தைப் பேண்டேஜ் துணியில் சுற்றி, பஞ்சு அடைத்த பெட்டியில் வைத்துத் தைத்தேன். தபாலாபீஸ் திறந்ததும் அதை உன் பெயருக்குப் பார்சல் அனுப்பினேன். வெளியே வந்து, சாருக்கு எழுதிய கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டேன்.

உன் தங்கை
செல்லக்கனி